கூகியை ஜெயிலுக்கு அனுப்பிய மொழி

ரொம்ப நாளா டிராஃப்ட்டிலேயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. 2025 மே 28ஆம் தேதி கூகி வா தியாங்கோ அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், தன்னுடைய 87ஆவது வயதில் இறந்துபோனார் என்று செய்தி வந்தப்பவே ஆரம்பிச்சது. அப்போது வந்த அஞ்சலிக் கட்டுரைகள் பெரும்பாலும் ரெண்டே விஷயத்தைத்தான் சொல்லின. ஒண்ணு, வருஷா வருஷம் பேர் அடிபட்டும் நோபல் கிடைக்காமலே போயிட்டார். ரெண்டு, ஜெயிலில் டாய்லெட் பேப்பரில் நாவல் எழுதினார். ரெண்டும் உண்மைதான். ஆனா எனக்கு மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது வேற கேள்வி. மனுஷனை எதுக்காக ஜெயிலில் போட்டாங்க?

'அரசாங்கத்தை எதிர்த்து எழுதினார், அதனால உள்ளே போட்டாங்க.' இப்படித்தான் நானும் ரொம்ப காலம் நினைச்சிருந்தேன். தேதிகளைக் கொஞ்சம் வரிசையா வச்சுப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு.

1977 ஜூலையில் கூகியின் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' நாவல் வெளிவருகிறது. தடிமனான ஆங்கில நாவல். சுதந்திரத்துக்குப் பிறகு கென்யாவை யார் யார் எப்படித் தின்னாங்கன்னு புட்டுப் புட்டு வைக்கிறது. வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்த உள்ளூர் முதலாளிகள், வங்கி, சாராய ஆலை, பாதிரியார், எம்பி, யாரையும் விடலை. சரி, அரசாங்கம் என்ன செய்தது? நைரோபியில் நடந்த வெளியீட்டு விழாவில் புத்தகத்தை வெளியிட்டவரே அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாகிதான்! (பின்னாளில், 2002இல், நாட்டின் ஜனாதிபதியே ஆனார்.)

அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, லிமுரு பக்கத்தில் கமிரீத்து என்ற கிராமத்தில், திறந்தவெளி மேடையில் ஒரு நாடகம் போடுகிறார்கள். 'ங்காஹிகா ந்டெண்டா'. 'எனக்கு இஷ்டப்பட்டப்போ கல்யாணம் பண்ணிக்குவேன்' என்று அர்த்தம். மொழி கிகூயு. நடிச்சவங்க அந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும். நவம்பர் 16ஆம் தேதி நாடகத்துக்கான அனுமதி ரத்து. டிசம்பர் கடைசியில் நடுராத்திரி வீட்டு வாசலில் போலீஸ். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. ஒரு வருஷம் கமிட்டி சிறை.

நாவலில் திட்டினதுதான் நாடகத்திலும். இன்னும் சொல்லப்போனா நாவலில்தான் காரம் ஜாஸ்தி. வித்தியாசம் ரெண்டுதான்: அது எந்த மொழியில் இருந்தது, யார் காதில் விழுந்தது.

இந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டா அவருடைய மொத்த வாழ்க்கையும் பிடிபடுது. அதனால கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வரலாம்.

(நிற்க. பேர் விஷயம். தமிழில் எல்லாரும் கூகின்னே எழுதிப் பழகிட்டோம். அவங்க ஊர் உச்சரிப்புக்குக் கிட்டே எழுதினா 'ங்கோகே வா தியோங்கோ' மாதிரி வரும். தமிழ் நெடுங்கணக்கில் சும்மாவே உட்கார்ந்திருக்கிற ஙவுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கும். ஆனா 'ங்கோகே'ன்னு எழுதினா தேடுபொறியில் யாருக்கும் கிடைக்காது, அதனால கூகியாகவே இருக்கட்டும்.)

1938 ஜனவரி 5இல் லிமுருவில் பிறந்தவர். அப்பாவுக்கு நாலு மனைவிகள். இவர் மூன்றாவது மனைவி வாஞ்சிகுவின் பிள்ளை. வெள்ளைக்காரர்கள் மேட்டு நிலத்தை எல்லாம் வளைச்சுப் போட்ட பிறகு, சொந்த மண்ணிலேயே கூலியாகவும் குத்தகைக்காரராகவும் வாழ்ந்த ஜனங்கள். 1947இல் அம்மாதான் கேட்டாளாம், பள்ளிக்கூடம் போறியான்னு. ஒரே நிபந்தனை: பசிச்சாலும் கஷ்டமா இருந்தாலும் மட்டம் போடக் கூடாது, உன்னால முடிஞ்ச அளவுக்குச் செய்யணும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, பையன் நல்ல மார்க் வாங்கிட்டு வந்து நின்னா, இதுதான் உன்னால முடிஞ்சதான்னு திருப்பிக் கேப்பாளாம். அவருடைய பால்ய கால நினைவுக் குறிப்பில் ('டிரீம்ஸ் இன் எ டைம் ஆஃப் வார்', 2010) என்னை ரொம்ப உலுக்கின ஆள் அந்த அம்மாதான்.

1952 அக்டோபரில் கென்யாவில் அவசரநிலைப் பிரகடனம். மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கறதுக்கு. அதுவரைக்கும் கிகூயு மக்களே நடத்திக்கிட்டிருந்த பள்ளிகளை அரசாங்கம் கையில் எடுத்துக்கிட்டது. பாடமொழி ஆங்கிலம் ஆனது. பள்ளி வளாகத்தில் கிகூயுவில் பேசி மாட்டினா பிரம்படி, இல்லைன்னா அபராதம், இல்லைன்னா 'நான் ஒரு கழுதை' என்கிற மாதிரி எழுதின தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கணும். எப்படிக் கண்டுபிடிப்பாங்க? காலையில் ஒரு பையன் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துடுவாங்க. தாய்மொழியில் பேசற அடுத்த பையன்கிட்ட அவன் அதைத் தள்ளிவிடணும். அவன் இன்னொருத்தன்கிட்ட. சாயங்காலம் கடைசியா யார் கையில் இருக்கோ அவனைக் கேட்டா, யார் கொடுத்தான்னு சொல்லுவான். அவன் அடுத்தவனைச் சொல்லுவான். மொத்தச் சங்கிலியும் சிக்கிடும். பிள்ளைகளை ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கப் பழக்கற பயிற்சி.

இதைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சிட்டேன். நான் படிச்ச ஆங்கில மீடியம் பள்ளியில் தமிழில் பேசினா தடவைக்கு நாலணா. லீடர் பொண்ணு ஒரு நோட்டில் பேர் எழுதி வச்சிருப்பா. எங்க அப்பா ஒரு மாசம் ஒண்ணே முக்கால் ரூபாய் கட்டினார், அதாவது ஏழு தடவை. 'எட்டாவது தடவை என்னடா ஊமையாயிட்டியா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டது ஞாபகம் இருக்கு. எனக்குக் கழுத்தில் தகடெல்லாம் மாட்டலை. ஆனா அந்த நோட்டுக்கும் அந்தப் பொத்தானுக்கும் பாட்டன் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன்.

கூகி சொல்ற இன்னொரு விஷயம் அதைவிடக் கொடுமை. அவர் வகுப்பில் ஒரு பையன் மற்ற எல்லாப் பாடத்திலும் சிறப்புத் தகுதி, ஆங்கிலத்தில் மட்டும் ஃபெயில். ஆங்கிலம் போனா மொத்தமும் போச்சு என்பது விதி. அந்தப் பையன் ஒரு பஸ் கம்பெனியில் கிளீனர் மாதிரியான வேலைக்குப் போனான். மற்ற பாடங்களில் சுமாரா பாஸ் பண்ணி, ஆங்கிலத்தில் மட்டும் நல்லா வாங்கியிருந்த கூகிக்கு, கறுப்பினப் பிள்ளைகளுக்கான பெயர் பெற்ற அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இடம். தன் வாழ்க்கையைத் திறந்த சாவி இன்னொருத்தனுக்குப் பூட்டா இருந்ததை அவர் கடைசி வரைக்கும் மறக்கலை.

1955இல் அலையன்ஸில் சேர்ந்து, முதல் பருவம் முடிஞ்சு லீவுக்கு ஊருக்கு வர்றார். ஊரைக் காணோம். நிஜமாவே காணோம். வீடுகள் இடிபட்டுக் கிடக்கு. ஜனங்களைக் கூட்டமா வேற இடத்துக்கு நகர்த்தி, காவல்படையின் கண்காணிப்பில் வரிசையா குடிசை போடச் சொல்லியிருக்காங்க. காட்டில் இருக்கிற கெரில்லாக்களுக்குச் சோறு போகக் கூடாது என்பதுக்காக பிரிட்டிஷ் அரசு செய்த ஏற்பாடு அது. அந்த அவசரநிலைக் கிராமத்தோட பேர்தான் கமிரீத்து. 22 வருஷம் கழிச்சு நாடக மேடை எழும்பின அதே ஊர். அவருடைய அண்ணன் காட்டுக்குப் போய்ப் போராளிகளோட சேர்ந்தவர். அதுக்காக அம்மாவைப் பிடிச்சு வச்சுக் கொடுமைப்படுத்தினாங்க. காது கேட்காத ஒரு அண்ணன், சிப்பாய் 'நில்'லுன்னு கத்தினது கேட்காம ஓடினதால் சுடப்பட்டுச் செத்துப்போனார். இதெல்லாம் நடந்துக்கிட்டிருந்த அதே நாட்களில் பள்ளிக்கூடத்துக்குள்ள ஷேக்ஸ்பியர் நாடகம் பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்புறம் உகாண்டாவில் மக்கரேரே பல்கலைக்கழகம். 1962 ஜூனில் அங்கே ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் மாநாடு ஒண்ணு நடந்தது. அச்செபே, சோயிங்கா எல்லாம் வந்திருந்தாங்க. கூகி அப்போ மாணவர். ரெண்டு சிறுகதை அச்சாகியிருந்தது, அவ்வளவுதான், ஆனாலும் அழைப்பு இருந்தது. ஏன்னா அது 'ஆங்கிலத்தில் எழுதும்' ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கான மாநாடு. ஸ்வாஹிலியில் மலை மாதிரி எழுதிக் குவிச்ச ஷாபான் ராபர்ட்டுக்கு அதில் இடம் இல்லை. யொரூபாவில் எழுதின ஃபகுன்வாவுக்கும் இல்லை. ரெண்டு கதை எழுதின பையன் உள்ளே, மகாகவி வெளியே. அந்த வயசில் இது அவருக்கு உறைக்கலை. அச்செபே வந்திருக்கார், தன் நாவல் கைப்பிரதியை அவர்கிட்ட எப்படியாவது காட்டணும் என்பதிலேதான் குறி! காட்டினார். 1964இல் 'வீப் நாட், சைல்ட்' ஹைனமன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் வந்தது. அடுத்த வருஷம் 'த ரிவர் பிட்வீன்', 1967இல் 'எ கிரெய்ன் ஆஃப் வீட்'. அப்போ அட்டையில் இருந்த பேர் ஜேம்ஸ் கூகி. ஜேம்ஸைக் கழட்டி விட்டது 1970 வாக்கில்.

'எ கிரெய்ன் ஆஃப் வீட்' பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. 1963 டிசம்பர் 12, கென்யாவின் சுதந்திர நாள். அதுக்கு முந்தின நாலஞ்சு நாட்களில் நடக்கிற கதை. ஊரே முகோ என்கிற ஆளை வீரன்னு கொண்டாடுது, விழாவில் பேசக் கூப்பிடுது. தூக்கில் போடப்பட்ட போராளி கிஹிகாவைக் காட்டிக்கொடுத்தவன் யார்னு ஊர் தேடுது. காட்டிக்கொடுத்தவன் முகோதான். அந்த மேடையில் ஏறி அவன் என்ன செய்யப் போறான் என்பதுதான் நாவல். வில்லன்கூட இல்லாத துரோகக் கதை. ஒவ்வொருத்தரும் எங்கேயோ ஒரு இடத்தில் உடைஞ்சவங்கதான். என்னைக் கேட்டா கூகி எழுதினதிலேயே உச்சம் இதுதான். அது ஆங்கிலத்தில் எழுதினது. இதை இப்பவே சொல்லி வச்சிடறேன், ஏன்னா இனிமே வரப்போறதெல்லாம் ஆங்கிலத்தை விட்ட கதை.

நைரோபி பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வந்த பிறகு, 1968இல் இவரும் தபான் லோ லியோங், ஓவுவோர் அன்யும்பா ஆகியோரும் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறாங்க: ஆங்கில இலக்கியத் துறையையே எடுத்துடுங்க. ஆங்கில இலக்கியத்தை ஒழிக்கணும்னு அர்த்தம் இல்லை. ஆப்பிரிக்காவை நடுவில் வைங்க, மற்றதெல்லாம் அதைச் சுத்தி வரட்டும், வாய்மொழி இலக்கியத்தையும் பாடமா வைங்க. பெரிய சண்டைக்கப்புறம் இது பெருமளவுக்கு நடந்தது.

ஆனாலும் அதெல்லாம் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள நடந்த சண்டைதான். 1976இல் கமிரீத்திலிருந்து ஒரு பெண்மணி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். நீ ரொம்பப் படிச்சிருக்கேன்னு சொல்றாங்க, புத்தகம் எல்லாம் எழுதறியாமே, அதில் கொஞ்சம் ஊருக்கும் குடுக்கக் கூடாதா என்கிற மாதிரி கேட்டார். இவர் ஏதோ சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். அதுக்கடுத்த வாரமும். விடாக்கண்டி! கடைசியில் கூகி போனார்.

ஊரில் எழுத்தறிவு வகுப்புகள் ஆரம்பிச்சுது. அதோட தொடர்ச்சியா நாடகம். எந்த மொழியில் எழுதறதுன்னு ஒரு கேள்வியே அங்கே எழ வழி இல்லை. கேக்கப் போறவங்களுக்குத் தெரிஞ்சது கிகூயு. கூகியும் கூகி வா மிரீயும் (வேற ஆள், பேர் ஒத்துமைதான்) சேர்ந்து எழுதினாங்க. இயக்கம் கிமானி கெசாவ். எழுதினதை ஊரில் படிச்சுக் காட்டினப்போ ஜனங்க திருத்த ஆரம்பிச்சிட்டாங்க. கிழவன் ஒருத்தன் இப்படிப் பேச மாட்டான், இந்தப் பழமொழி இந்த இடத்தில் வராது, இந்தச் சடங்குப் பாட்டு இப்படி இல்லை. பக்கத்தில் பாட்டா செருப்புத் தொழிற்சாலை. அங்கே வேலை பாத்தவங்க கூலிக் கணக்கையும் கெமிக்கல் நாத்தத்தையும் சொல்லச் சொல்ல அது வசனத்துக்குள்ள வந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்களும் வந்தாங்க. ஆங்கிலத்தில் நாலு நாவல் எழுதின பேராசிரியர், வாழ்க்கையில் முதல் தடவையா வாசகர்கள்கிட்ட மொழிப் பாடம் கத்துக்கிட்டார். ரெண்டாயிரம் பேருக்கு மேல் உக்காரக்கூடிய அரங்கத்தை ஊர்க்காரங்களே கட்டினாங்க. மாசக்கணக்கில் எல்லார் கண் முன்னாலேயும் ஒத்திகை. நாடகம் அரங்கேறறதுக்குள்ள பார்வையாளர்களுக்கே வசனம் மனப்பாடம். நடிகர் தப்பு விட்டா கீழேயிருந்து குரல் வருமாம்.

கதை ரொம்ப எளிமை. கிகூண்டா என்கிற ஏழைக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பட்டாவைச் சட்டம் போட்டுச் சுவத்தில் மாட்டி வச்சிருக்கான். ஊர்ப் பணக்காரன் கியோய் கூட்டமா வந்து, உன் கல்யாணம் சர்ச்சில் நடக்கலை, நீயும் உன் பெண்டாட்டியும் பாவத்தில் வாழறீங்க, மோதிரம் மாத்திக் கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு வற்புறுத்தறான். பணத்துக்கு எங்கே போவான்? பட்டாவை வச்சு வங்கியில் கடன். கடைசியில் நிலம் ஏலம், எடுக்கறது கியோய். இந்தக் கதைக்கு அரசாங்கம் பயப்பட என்ன இருக்குன்னு தோணும். பாத்தவங்கள்ல எத்தனையோ பேருக்குச் சுவத்தில் பட்டா இருந்தது, இல்லைன்னா இருந்துபோயிருந்தது. பயம் அதுக்குத்தான். வாராவாரம் லாரியும் பஸ்ஸும் பிடிச்சு வெளியூர் ஜனங்க வர ஆரம்பிச்சப்போ, மாவட்ட அதிகாரி உரிமத்தைப் பறிச்சார்.

கமிட்டி சிறையில் அவர் பேர் கே6,77. தடுப்புக்காவல் ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அப்போதைய துணை ஜனாதிபதியும் உள்துறை அமைச்சருமான டேனியல் அரப் மோய். வெளியே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, குடும்பத்தைப் பாக்கணும்னா கையில் விலங்கு போட்டுக்கணும்னு விதி. போட்டுக்க மாட்டேன்னு மறுத்தார். அந்தச் சமயத்தில் பிறந்த மகளைப் போட்டோவில்தான் பார்த்தார்.

அங்கேதான் டாய்லெட் பேப்பர். கைதிகளைத் துன்பப்படுத்தறதுக்குன்னே வாங்கின மாதிரி முரட்டுக் காகிதம், ஆனா பேனாவுக்கு நல்லா தாங்கிச்சுன்னு கிண்டலா எழுதறார். 'கைத்தானி முத்தராபா-இனி' (சிலுவையில் சாத்தான்) நாவலை வீம்புக்காகவே கிகூயுவில் எழுத ஆரம்பிச்சார். எந்த மொழிக்காக உள்ளே போட்டானோ அதே மொழியில்! ஆனா வீம்பு மட்டும் போதுமா? அந்த மொழியில் நவீன நாவலுக்கு முன்மாதிரியே கிட்டத்தட்ட இல்லை. எழுத்து முறையும் சரியா அமையலை. உயிரெழுத்து நீளமும் தொனியும் எழுத்தில் தெரியாது. ராத்திரி எழுதின பத்தியைக் காலையில் படிச்சா வேற அர்த்தம் வருமாம். (டிஸ்கியும் யூனிகோடும் அடிச்சுக்கிட்ட காலத்தில் பதிவு போட்டவங்களுக்கு இந்த வலி புரியும்.) சொல் தெரியலைன்னா சிறைக்காவலர்கள்கிட்டேயே பேச்சுக் கொடுத்து வாங்கிக்குவார். ஒரு நாள் சோதனையில் கைப்பிரதி மொத்தமும் பிடிபட்டது. கொஞ்ச நாள் கழிச்சு, அதில் தப்பா ஒண்ணும் இல்லைன்னு அதிகாரி திருப்பிக் கொடுத்துட்டார். படிச்சாரா இல்லையான்னு அந்த ஆளுக்குத்தான் வெளிச்சம் :-)

நாவலில் திருடர்கள், கொள்ளைக்காரர்களுக்கு ஒரு போட்டி நடக்குது. நாட்டின் பெரிய முதலாளிகள் ஒவ்வொருத்தரா மேடையேறி, நான் எப்படித் திருடினேன், இனிமே எப்படித் திருடுவேன்னு பீத்திக்கறாங்க. ஒருத்தர் காத்தையே டப்பாவில் அடைச்சு ஏழைகளுக்கு விக்கலாம் என்கிறார். 1978இல் இது நக்கல். இன்னைக்குப் படிச்சா சிரிப்பு பாதியில் நின்னுடுது.

1978 ஆகஸ்டில் கென்யாட்டா இறந்து, மோய் ஜனாதிபதி ஆகி, டிசம்பர் 12இல் அரசியல் கைதிகளை விடுதலை செய்தார். உள்ளே போட்ட கையாலேயே வெளியே விட்டார். பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கலை. 1980இல் நாவல் வந்தது. விக்குமோ விக்காதோன்னு ஐயாயிரம் பிரதி போட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. ஆனா எனக்குப் பிடிச்சது விற்பனைக் கணக்கு இல்லை. படிக்கத் தெரிஞ்ச பிள்ளை ராத்திரியில் மொத்தக் குடும்பத்துக்கும் வாசிச்சுக் காட்டும். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் படிக்க மற்றவங்க கேப்பாங்க. பாரில் ஒருத்தர் சத்தமாப் படிப்பார். சரியா விறுவிறுப்பான கட்டத்தில் நிறுத்தி, காலி கிளாஸைப் பாப்பார். யாராவது நிரப்பினாத்தான் அடுத்த பக்கம்! டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் தினத்தந்தி வாசிக்க நாலு பேர் கேட்ட ஊர்க்காரனான எனக்கு இந்தக் காட்சி ரொம்ப நெருக்கம். எந்த இலக்கிய விருதும் இதுக்கு ஈடு இல்லைன்னு தோணுது.

1982இல் அடுத்த நாடகம். தேசிய அரங்கில் போட அனுமதி இல்லை. மார்ச்சில் போலீஸ் லாரிகள் வந்து கமிரீத்து அரங்கத்தை இடிச்சுத் தள்ளினாங்க. பிரிட்டிஷ்காரன் ஊரை இடிச்சான், இவங்க அரங்கத்தை. அந்த வருஷம் லண்டனுக்குப் புத்தக வெளியீட்டுக்குப் போனவருக்கு, திரும்பி வந்தா விமான நிலையத்திலேயே 'வரவேற்பு' காத்திருக்குன்னு தகவல் வந்தது. திரும்பலை. 22 வருஷம்.

அவர் இல்லாட்டியும் அவர் பாத்திரங்கள் விடலை. 1986இல் 'மத்திகாரி' கிகூயுவில் வந்தது. போர் முடிஞ்சு காட்டிலிருந்து வர்ற ஒருத்தன் ஊர் ஊராப் போய், உண்மையும் நியாயமும் எங்கே கிடைக்கும்னு கேக்கறான். கிராமங்களில் ஜனங்க இதைப் பத்திப் பேசப் பேச, மத்திகாரின்னு ஒரு ஆள் நாட்டில் சுத்தி மக்களைத் தூண்டறான்னு உளவுத்துறைக்குத் தகவல் போச்சு. பிடிங்கடா அவனைன்னு உத்தரவு. தேடிப் பாத்தா ஆள் நாவலுக்குள்ள இருக்கான்! 1987 பிப்ரவரியில் கடைகளில் இருந்த பிரதிகளை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போனாங்க. கதாபாத்திரத்தைக் கைது செய்ய முடியாததால் புத்தகத்தைக் கைது செய்தாங்க.

'டீகாலனைசிங் த மைண்ட்' (1986) இந்த அனுபவம் எல்லாம் சேர்ந்து வந்த கட்டுரைத் தொகுப்பு. இனிமே ஆங்கிலத்தில் எழுத மாட்டேன்னு அதில் அறிவிச்சார். அச்செபேவுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலம் என் கைக்கு வந்துடுச்சு, அதை என் ஊர் அனுபவத்தைச் சுமக்கற மாதிரி வளைச்சுக்கறேன் என்பது அவர் கட்சி. நூத்துக்கணக்கான மொழிகள் இருக்கிற நைஜீரியாவிலிருந்து பாத்தா அதிலும் நியாயம் இருக்கு. கூகிக்குச் சாதகமா ஒரு விஷயம்: அவர் மொழி கென்யாவில் எண்ணிக்கையில் பெரிய சமூகத்தின் மொழி. நாப்பதுக்கு மேல் மொழிகள் இருக்கிற நாட்டில் சின்ன மொழிக்காரன் ஒருத்தன் இதே முடிவை எடுத்தா பார் வாசகருக்குக் கிளாஸ் நிரப்ப ஆள் கிடைக்குமான்னு தெரியலை. அதோட, கிகூயுவில் எழுதினதை அவரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததால்தான் என்னை மாதிரி ஆட்களால் படிக்க முடிஞ்சது. ஏல், நியூயார்க், கலிபோர்னியான்னு ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். 2010க்கு மேல் வந்த நினைவுக் குறிப்புகளும் ஆங்கிலம்தான். முரண்பாடுதான், மறைக்க ஒண்ணும் இல்லை. நானே கம்பெனியில் நாள் பூரா ஆங்கிலத்தில் மெயில் அடிச்சுட்டு ராத்திரி இங்கே தமிழில் தட்டறவன்.

இன்னொரு விஷயம், எழுத மனசில்லாம எழுதறேன். 2024 மார்ச்சில் அவர் மகன் முகோமா வா கூகி (அவரும் எழுத்தாளர்), மறைந்த தன் அம்மாவை அப்பா அடிப்பார் என்று பொதுவில் எழுதினார். வாரீங்கா மாதிரி ஒரு பெண் பாத்திரத்தை, முதலாளிக்கு எதிரா நிமிர்ந்து நிக்கற மெக்கானிக்கை, அந்தச் சிறையிலிருந்து உருவாக்கின ஆள். இதை எங்கே வச்சுப் பாக்கறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. ஆனா அஞ்சலிகளில் நிறையப் பேர் இதைச் சத்தமில்லாம தாண்டிப் போனது சரியாப் படலை.

மோய் பதவியை விட்டுப் போன பிறகு, 2004இல் கூகி ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் பெருங்கூட்டம். சில நாட்களிலேயே நைரோபியில் தங்கியிருந்த இடத்தில் ஆயுதத்தோட ஆட்கள் புகுந்து அவரைத் தாக்கினாங்க. மனைவி ஞ்ஜேரியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினாங்க. ஞ்ஜேரி ஒளிஞ்சுக்கலை, வெளியே வந்து தன் பேரோட பேசினார். அந்த ரெண்டு பேரும் அதுக்கப்புறமும் கென்யாவுக்கு வராம இல்லை.

அப்புறம் வந்தது 'முரோகி வா ககோகோ', ஆங்கிலத்தில் 2006இல் 'விசர்ட் ஆஃப் த க்ரோ', எழுநூறு பக்கத்துக்கு மேல். சர்வாதிகாரி ஒருத்தன் சொர்க்கம் வரைக்கும் கட்டடம் கட்டக் கடன் கேக்கற கதை. நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கோங்க. 2021இல் 'த பெர்ஃபெக்ட் நைன்' சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. ஆப்பிரிக்க மண்ணின் மொழி ஒண்ணில் எழுதின நூல் அந்தப் பட்டியலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எழுதினவரும் மொழிபெயர்த்தவரும் ஒரே ஆள் என்பதும் முதல் தடவை.

2022 மே மாசம் 'ங்காஹிகா ந்டெண்டா' நைரோபியில் கென்ய தேசிய அரங்கிலேயே அரங்கேறியது. கிகூயுவிலும் ஆங்கிலத்திலும் மாத்தி மாத்திப் போட்டாங்க. 45 வருஷம் கழிச்சு. இந்தத் தடவை யாரும் உரிமத்தைப் பறிக்க வரலை.

கொசுறு: அந்த ஜெயில் நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பேரில் தமிழில் வந்திருக்கு. என்கிட்ட ஒரு பிரதி இருந்தது. மூணு வருஷம் முன்னாடி ஒரு நண்பர் 'ரெண்டு நாளில் தர்றேன்'னு வாங்கிட்டுப் போனார். அவரும் பதிவர்தான், இதைப் படிப்பார்னு தெரியும். ஐயா, பேர் போடலை, புத்தகத்தை அனுப்பி வைங்க. கூரியர் செலவு என்னோடது.